மோட்டார் இயந்திரத்தின் அமுக்க விகிதம்

சிறிய அளவுகளே பெரிய பொருள்களின் நன்மை தீமைகளை நிர்ணயிக்கின்றன என்பது விஞ்ஞானம் பயில்வோர் யாவரும் அறிந்த உண்மையாகும். மருந்து மிகின் நஞ்சாம், குறையின் பயனின்றாம். மோட்டார் வண்டியின் இயந்திரத்திலும் அத்தகைய அளவு ஒன்றுண்டு. அதற்கு அமுக்க விகிதம் என்று பெயர். இயந்திரத்தைப் பிரித்துப் புதுக்கும் தொழிலாளி இவ்வளவைக் கணித்தறியாது பூட்டுவானாயின், வண்டி உடையவனின் பொருளும் தொழிலாளியின் நற்பெயரும் ஒருங்கே அழியும். இவ்விகிதம் யாது, அதனைக் கணிப்பது எங்ஙனம், டர்போ பூட்டிய இயந்திரத்தில் அதன் சிறப்பு யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு நம் புதுச்சேரி நகரிலேயே தக்கதொரு காரணம் நேர்ந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மிகுதியான மழை நகரிற் பெய்தது. கிருஷ்ணா நகர் முதலிய தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. மக்களை மீட்க இராணுவத்தினர் வரவேண்டியதாயிற்று. இத்தகைய வெள்ளத்தில் தெருவோரம் நின்ற வண்டிகள் நீரில் மூழ்குவதும், நீரைக் கடந்துவிடலாம் என்று துணிந்து ஓட்டிய வண்டிகள் நடுவழியில் நின்றுபோவதும் இயல்பு. வெள்ளம் வடிந்தபின் பழுது நோக்கும் பட்டறைகளில் இயந்திரங்கள் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் வாடகை வண்டிகளும் பல. ஒரு குடும்பம் முழுவதும் அவ்வண்டி ஒன்றையே நம்பியிருத்தல் உண்டு. எனவே இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. பலர் வீட்டு அடுப்பைத் தொடும் கணக்காகும்.

விகிதத்தின் இலக்கணம்

சிலிண்டரினுள் பிஸ்டன் மேலும் கீழுமாக இயங்குகின்றது. அது கீழ் எல்லையில் நிற்கும்போது அதற்கு மேலுள்ள இடத்தின் முழுக் கன அளவை ஒரு பங்கு என்க. மேல் எல்லையை எய்தியபோது எஞ்சியிருக்கும் சிற்றிடத்தின் கன அளவை மற்றொரு பங்கு என்க. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் ஈவே அமுக்க விகிதம். பிஸ்டன் கடந்து செல்லும் இடத்தை வீச்சுக் கன அளவு என்றும், எஞ்சும் சிற்றிடத்தை எச்சக் கன அளவு என்றும் வழங்குவோம். வீச்சுக் கன அளவோடு எச்சக் கன அளவைக் கூட்டி, அத்தொகையை எச்சக் கன அளவால் வகுக்க வேண்டும். கூட்டாமலே வகுத்துவிடுவது தொடக்க மாணாக்கர் செய்யும் பிழை. அங்ஙனம் செய்யின் விடையில் சரியாக ஒன்று குறையும்.

ஓர் உண்மை இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலி நாட்டு ஃபியட் கம்பெனியார் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட 1.3 லிட்டர் மல்டிஜெட் என்னும் டர்போ டீசல் இயந்திரம் நம் நாட்டிலேயே உற்பத்தி செய்யப்பட்டு, மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாட்டா இண்டிகா விஸ்டா முதலிய வண்டிகளிற் பூட்டப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி கம்பெனியார் டீசல் வண்டிகளை நிறுத்திவிட்டனர். ஆயினும் பழைய வண்டிகள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. இதன் சிலிண்டர் விட்டம் 69.6 மில்லிமீட்டர், வீச்சு 82 மில்லிமீட்டர், சிலிண்டர்கள் நான்கு.

விட்டம் 6.96 சென்டிமீட்டர் எனின் வட்டத்தின் பரப்பு 38.05 சதுர சென்டிமீட்டர். அதனை வீச்சாகிய 8.2-ஆற் பெருக்க, ஒரு சிலிண்டரின் வீச்சுக் கன அளவு ஏறத்தாழ 312 கன சென்டிமீட்டர் ஆகும். நான்கிற்கும் 1,248. அமுக்க விகிதம் 17.6 : 1 என்று கொள்வோமாயின், எச்சக் கன அளவு 312-ஐ 16.6-ஆல் வகுத்தது, அதாவது 18.8 கன சென்டிமீட்டர். தேக்கரண்டி ஒன்று 5 கன சென்டிமீட்டர் கொள்ளும். ஆகவே இவ்வளவு வலிய இயந்திரத்தின் எரியிடம் நான்கு தேக்கரண்டி நீரும் கொள்ளாது! இவ்வுண்மையை நேயர்கள் மனத்திற் கொள்க. வெள்ளத்தின் கொடுமை இதிலேதான் அடங்கியுள்ளது.

காற்றை அமுக்குவது எதற்காக?

மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். அமுக்கப்படும் காற்று வெப்பமடையும். வெப்பமடைந்து நெருங்கிய காற்றில் எரிபொருள் எரிந்து, பிறகு அக்காற்று நெடுந்தூரம் விரியுமாயின், வெப்பத்தின் பெரும்பங்கு வேலையாக மாறும். பிரெஞ்சு அறிஞர் சாதி கார்னோ 1824-இல் வெப்பத்தின் உந்து வலிமையைப் பற்றி எழுதிய நூலே இத்துறைக்கு அடிப்படை. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் நால்வீச்சு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் தம் இயந்திரத்தைச் செம்மையாக ஓட்டினார்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்க வேண்டும். 30 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள காற்றை 17.6 மடங்கு அமுக்கினால், வெப்பம் சிறிதும் வெளியேறாத நிலையில் அது ஏறத்தாழ 680 பாகையை எட்டும் என்பது பௌதிக சூத்திரத்தால் விளங்கும். சிலிண்டர்ச் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சுவதாலும், வளையங்களின் வழியே காற்றுச் சிறிது கசிவதாலும் நடைமுறையில் அது குறையும். இயந்திரம் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் இன்னும் குறையும். அந்நிலையிலும் எண்ணெய் தாமதமின்றிப் பற்றுதற்கு வேண்டிய வெப்பம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதனாலேயே டீசலுக்கு உயர்ந்த விகிதம் அமைக்கப்பட்டது.

பெட்ரோல் இயந்திரத்தின் நியாயம் வேறு. அங்கே காற்றும் பெட்ரோலும் கலந்தே அமுக்கப்படுகின்றன. தீப்பொறி உரிய நேரத்தில் அதனைப் பற்றவைக்கிறது. அமுக்கம் அளவு கடந்தால் கலவையின் ஒரு பகுதி தானே வெடித்து, சம்மட்டியால் அடித்தாற்போன்ற ஒலியை எழுப்பும். தொழிலாளர் இதனை நாக்கிங் என்பர். இது நீடித்தால் பிஸ்டன் துளைபடும். ஆங்கில நாட்டு ஹாரி ரிக்கார்டோ இதனை நுணுகி ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர். ஆகவே டீசலில் விகிதம் குறையின் கேடு. பெட்ரோலில் விகிதம் மிகின் கேடு என்று பொதுவாகக் கூறலாம்.

டர்போ செய்யும் வேறுபாடு

புகையாக வீணே வெளியேறும் வாயுவின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை இயந்திரத்தினுள் ஊதிப் புகுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சுப் பொறியாளர் ஒகுஸ்த் ரத்தோ முதல் உலகப் போர்க் காலத்தில் இதனை விமான இயந்திரங்களுக்கு அமைத்தார். அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் 1918-இல் பைக்ஸ் பீக் என்னும் உயர்ந்த மலையுச்சிக்கு ஓர் இயந்திரத்தைக் கொண்டுசென்று, காற்று மெலிந்த இடத்திலும் டர்போவால் வலிமை குன்றாதிருப்பதை நிறுவினார். 1977-இல் ரெனோ கம்பெனியார் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் முதன்முதலாக டர்போ வண்டியை இறக்கினர். முதலில் அடிக்கடி பழுதாகிப் பலரால் நகைக்கப்பட்ட அவ்வண்டி 1979-இல் திழோன் நகரில் வெற்றி பெற்றது.

டர்போ பூட்டியதனால் மேலே கூறிய அமுக்க விகிதம் மாறுவதில்லை. அது சிலிண்டரின் வடிவத்தைப் பொறுத்தது. ஆயின் உட்புகும் காற்று ஏற்கெனவே அமுக்கப்பட்டிருப்பதால் முடிவில் எழும் அழுத்தமும் வெப்பமும் மிகும். வளிமண்டலத்தைப் போல் இருமடங்கு அழுத்தத்தில் காற்றுப் புகுகிறது என்க. சில தொழிலாளர் விகிதத்தை இரண்டாற் பெருக்கி, 8 : 1 உள்ள இயந்திரம் 16 : 1 போல நடக்கும் என்பர். இது மிகையான கணக்கு. டர்போவில் அமுங்கும் காற்று சூடேறுவதனால் அதன் கன அளவு பாதியாகக் குறைவதில்லை. வெப்ப இழப்பில்லாத நிலையில் அது 1.64 மடங்கே அமுங்கும். ஆகவே 8-ஐ 1.64-ஆற் பெருக்க வரும் 13.1 என்பதே பொருத்தமான ஒப்பீடு. இடையிலே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருப்பின், அமுக்கத்தின் முடிவில் எழும் வெப்பம் இன்னும் தணியும்.

பெட்ரோல் டர்போ வண்டிகளின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1962-இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் வண்டிக்கு 10.25 : 1 என்னும் உயர்ந்த விகிதம் வைக்கப்பட்டது, நாக்கிங் நேராதிருக்க நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை இயந்திரத்தினுள் தெளிக்க வேண்டியிருந்தது. அத்திரவத்தை நிரப்ப ஓட்டுநர் மறந்தபோது தொல்லை மிகுந்தது. அடுத்த ஆண்டோடு அவ்வண்டி நின்றுபோயிற்று. பின்வந்தோர் விகிதத்தையே தாழ்த்தினர். 1975-இன் போர்ஷே 911 டர்போவுக்கு 6.5 : 1, 1978-இன் சாப் 99 டர்போவுக்கு 7.2 : 1. இக்காலத்தில் எரிபொருளை நேரே சிலிண்டரினுள் தெளித்துக் குளிர்விப்பதாலும், மின்னணுக் கருவிகள் தீப்பொறியின் நேரத்தை நொடிதோறும் திருத்துவதாலும் பெட்ரோல் டர்போக்களிலும் 10-ஐ ஒட்டிய விகிதம் இயல்வதாயிற்று.

டீசலிலோ அழுத்தத்தைத் தாங்கும் வலிமையே கேள்வி. எரியும்போது 150 பார் அழுத்தம் எழுகிறது எனக் கொள்வோம். மேற்கூறிய 38 சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் அது ஏறத்தாழ 5,800 கிலோகிராம் எடையின் விசையோடு தாக்கும். விகிதம் மேலும் உயர்ந்தால் இவ்விசையும் உயரும். ஹெட் காஸ்கெட்டும் போல்ட்டுகளும் பிஸ்டனும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

வெள்ளம் இழைக்கும் கேடு

காற்றை அமுக்கலாம், நீரை அமுக்குதல் இயலாது. தெருநீரில் ஓடும் வண்டியின் காற்றுக்குழாய் நீரை உறிஞ்சி, ஒரு சிலிண்டரினுள் 18.8 கன சென்டிமீட்டருக்கு மேல் நீர் புகுந்துவிட்டால், பிஸ்டன் மேல் எல்லையை எய்த முடியாது. ஆயினும் சுழலும் கனத்த சக்கரத்தின் வேகம் அதனை மேலே தள்ளும். இரண்டிற்கும் இடையே அகப்பட்ட கனெக்டிங் ராடு வளையும்; அன்றி முறிந்து பிளாக்கைத் துளைக்கும். அதனிற் குறைந்த நீரும் தீங்கே செய்யும். 6 கன சென்டிமீட்டர் நீர் தங்கினாலும் எஞ்சும் இடம் 12.8 ஆகச் சுருங்கி, விகிதம் 25-க்கு மேற்போகும்.

முறிந்த இயந்திரத்தின் நிலை யாவர்க்கும் வெளிப்படை. சிறிதே வளைந்த ராடுதான் வஞ்சகம் செய்வது. நீரை வடித்து, எண்ணெய் மாற்றி, சாவியைத் திருப்பினால் வண்டி ஓடும். உடையவனும் தப்பினோம் என்று மகிழ்வான். ஆனால் ராடு வளைந்தால் அதன் நீளம் குறையும். நீளம் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் எச்சக் கன அளவில் 1.9 கூடி, விகிதம் 16.1 ஆகும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 14.8 ஆகும். அந்தச் சிலிண்டர் மட்டும் காலையில் பற்ற மறுக்கும், வெண்புகை தள்ளும், இயந்திரம் நடுங்கும். வளைந்த ராடு பிஸ்டனைப் பக்கவாட்டில் அழுத்திச் சுவரைத் தேய்த்து, சில மாதங்களுக்குப்பின் நெடுஞ்சாலையில் ஓடும்போது முறிதலும் கூடும். ஆகையால் நீர் புகுந்ததென்று ஐயம் எழுந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றி, இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி நீரை வெளியேற்றுக. பிறகு ஹெட்டைக் கழற்றி, நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக மேல் எல்லைக்குக் கொணர்ந்து, டயல் கேஜ் கொண்டு உயரத்தை அளந்து ஒப்பிடுக. ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அதன் ராட்டையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

புதுக்கும்போது கணிக்கும் முறை

எச்சக் கன அளவு ஒரே பள்ளமன்று; பல சிறு இடங்களின் தொகை. பிஸ்டன் தலையிலுள்ள கிண்ணம், ஹெட்டிலுள்ள பள்ளம், காஸ்கெட்டின் கனத்தால் ஏற்படும் இடைவெளி, முதல் வளையத்துக்கு மேலுள்ள சந்து ஆகியன கூட்டத்தக்கவை. பிஸ்டன் பிளாக்கின் மேற்பரப்பிற்கு மேலே துருத்தி நின்றால் அவ்வளவைக் கழிக்க வேண்டும். உள்ளே தாழ்ந்து நின்றால் கூட்ட வேண்டும்.

கிண்ணத்தையும் பள்ளத்தையும் அளக்க இரசாயனச் சாலையில் நாம் கையாளும் பியூரெட் ஒன்றே போதும். நடுவிலே துளையிட்ட தெளிந்த கண்ணாடித் தகட்டை ஓரத்திற் கிரீஸ் தடவி மூடி, துளைவழியே மண்ணெண்ணெயையோ நிறமூட்டிய நீரையோ காற்றுக்குமிழி தங்காதபடி நிரப்பி, செலவான அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மும்முறை அளந்து சராசரி காண்பது நன்று. உதாரணமாக, நாம் எடுத்துக்கொண்ட சிலிண்டரில் பின்வரும் அளவுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கை விளக்கும் பொருட்டுக் கற்பித்தவை. உற்பத்தியாளர் தந்தவை அல்ல.

பிஸ்டன் கிண்ணம் 14.60 கன சென்டிமீட்டர். ஹெட்டில் வால்வுகளின் பள்ளம் 0.80. வளையத்துக்கு மேலுள்ள சந்து 0.20. காஸ்கெட்டின் துளை விட்டம் 70.6 மில்லிமீட்டர், இறுக்கியபின் கனம் 1.1 மில்லிமீட்டர், ஆகவே 4.31. இவற்றின் தொகை 19.91. பிஸ்டன் 0.3 மில்லிமீட்டர் துருத்தி நிற்பதால் 1.14 கழிக்க, எஞ்சுவது 18.77. வீச்சுக் கன அளவாகிய 311.98-ஐ இதனால் வகுத்து ஒன்று கூட்ட, விகிதம் 17.62 : 1 என வரும். இங்ஙனம் நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே கணித்து, நான்கும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்க வேண்டும்.

இக்கணக்கிலே கவனிக்கத்தக்கவை சில உள. முதலாவது, காஸ்கெட்டின் கனத்தைப் புதிதாக இருக்கும்போது அளத்தல் கூடாது. இறுக்கியபின் உள்ள கனமே கணக்கிற்கு உரியது. இரண்டாவது, கனத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் எச்சக் கன அளவில் 0.39 மாறும், விகிதம் 17.6-இலிருந்து ஏறத்தாழ 17.95-க்கு ஏறும், அன்றி 17.3-க்கு இறங்கும். ஒரு தாளின் கனத்தில் இத்துணை மாற்றம்! இதனாலேயே பல டீசல் இயந்திரங்களுக்கு வெவ்வேறு கனமுள்ள காஸ்கெட்டுகள் வெட்டுக்குறியாலோ துளையாலோ அடையாளமிட்டு விற்கப்படுகின்றன. பிஸ்டன் துருத்தும் உயரத்தை அளந்து, அதற்குரியதைத் தேர்ந்து வாங்க வேண்டும். பழையதைப் பார்த்து அதுபோல ஒன்று வாங்கிவிட்டால், பிளாக்கைச் சீவியிருக்கும்போது அது பொருந்தாது போகும்.

மூன்றாவது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதால் விகிதம் வெகுவாக உயரும் என்று பலர் எண்ணுகின்றனர். விட்டத்தை 69.6-இலிருந்து 70 மில்லிமீட்டராக்கினால் வீச்சுக் கன அளவு 315.6 ஆகும், எச்சக் கன அளவு மாறாதிருப்பின் விகிதம் 17.8 மட்டுமே. பிளாக்கின் மேற்பரப்பைச் சீவினால், நீக்கிய ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் 0.38 கன சென்டிமீட்டர் குறையும். கடைதலினும் சீவுதலே விகிதத்தை விரைவில் மாற்றுவது.

நான்காவது நுட்பமானது. எரியிடம் ஹெட்டிலேயே அமைந்த பெட்ரோல் இயந்திரத்தில் ஹெட்டைச் சீவினால் எரியிடம் சுருங்கி விகிதம் உயரும். எரியிடம் முழுவதும் பிஸ்டன் கிண்ணத்திலே அமைந்து, ஹெட் தட்டையாயிருக்கும் டீசலில் ஹெட்டைச் சீவுவதால் விகிதம் பெரிதும் மாறுவதில்லை. ஆனால் வால்வுகள் பிஸ்டனை நெருங்கும். இன்ஜெக்டரின் நுனி மிகையாக நீண்டு, எண்ணெய் கிண்ணத்தில் உரிய இடத்திற் படாமற் போகும். விகிதம் மாறவில்லை என்று மகிழ்ந்திருப்போன் இவ்வழியாகக் கேட்டை எய்துவான். ஆகவே ஹெட்டைச் சீவலாமா, எவ்வளவு சீவலாம் என்பதற்கு உற்பத்தியாளரின் கைந்நூலே பிரமாணம்.

இறுதியாக ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். அழுத்தமானியைச் செருகிச் சுழற்றிப் பார்க்கும் எண் வேறு. அமுக்க விகிதம் வேறு. அழுத்தமானி காட்டுவது வளையங்களின் தேய்வையும், வால்வுகளின் கசிவையும், பாட்டரியின் வலிமையையும் சேர்த்தே காட்டும். விகிதமோ வடிவத்தால் மட்டும் அமைவது. அழுத்தமானி நோயை அறிவிக்கும். காரணத்தை அறிவிப்பது அளவுகோலே.

சிலிண்டரின் கன அளவைக் காணும் சூத்திரத்தை நாம் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்தோம். பியூரெட்டைப் பிடிக்கக் கல்லூரியிற் கற்றோம். அமுக்கத்தால் வெப்பம் எழும் நியதியைப் பௌதிக வகுப்பிற் கேட்டோம். இம்மூன்றும் ஒருங்கு கூடுமிடம் எண்ணெய்க் கறை படிந்த பட்டறை மேசையாக இருக்கலாம். அங்கே கைத்திறன் மிக்க தொழிலாளர் பலர் உளர். அவர்கட்குக் கணக்கின் துணையும், கணக்கறிந்த நமக்கு அவர்களது கைத்திறனின் துணையும் தேவை. அடுத்த மழைக்காலத்தில் வண்டியொன்று நீரில் நின்றுவிட்டால், சாவியைத் திருப்பப் போகும் கையைத் தடுத்து, நான்கு தேக்கரண்டி நீரின் கதையை எடுத்துரைக்க நம்முள் ஒருவர் முன்வருவாராயின், கற்ற கல்வி பயன்பட்டதென்று கொள்ளலாம்.